தலைமையாசிரியருக்கு எந்த டாக்டர் பட்டம்?

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியை ஒருவர் பகுதிநேரமாகப் பிஎச்.டி. முடித்தவர். அவருடைய ஆய்வேடு நீல ரெக்சின் அட்டையும் தங்க எழுத்துமாக, பள்ளி பீரோவில் பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் இருக்கிறது. வேறு பள்ளிகளின் முந்நூறு ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, ஆண் பெண், நகரம் கிராமம் என்று பிரித்து, டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை போட்டு எழுதியது. ஆறு வருட உழைப்பு. அந்த ஆறு வருடமும் அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வியோ வேறு: என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் திங்கட்கிழமை ஏன் வருவதில்லை?

"அதையே தலைப்பா எடுத்துக்கலாமான்னு கைடுகிட்ட கேட்டேன் தம்பி. ஒரு ஸ்கூல் கதையெல்லாம் ஆராய்ச்சி ஆகாதும்மான்னுட்டார்."

பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு டாக்டர் பட்டத்தை வடிவமைக்க உட்கார்ந்தால், முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பாடத்திட்டம், நுழைவுத் தேர்வு, கட்டணம் எல்லாம் அப்புறம். இந்தக் கேள்வியோடு நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. அங்கே முயன்று பார்த்த வழிகளை எடுத்துக்கொண்டு, டீச்சரின் திங்கட்கிழமையை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்க்கிறேன்.

கல்வியில் முதல் பிஎச்.டி.யைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் 1893இல் வழங்கியது. 1920இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கல்விக்கென்று தனிப் பள்ளி தொடங்கியபோது, எட்.டி. (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்) என்ற புதுப் பட்டத்தையும் கொண்டுவந்தது. டீச்சர்ஸ் காலேஜும் 1934இல் எட்.டி.யைச் சேர்த்துக்கொண்டது. ஆராய்ச்சியாளருக்குப் பிஎச்.டி., களத்தில் இருப்பவருக்கு எட்.டி. என்பது ஏட்டில் இருந்த பிரிவு. நடந்தது அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் அதே பேராசிரியர்கள், அதே வகுப்புகள், அதே ஐந்து அத்தியாய ஆய்வேடு. எட்.டி.யில் கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். பகலில் பள்ளியை நடத்தி ராத்திரியில் எழுத வேண்டியவர்கள், படிப்பை முடித்துவிட்டு 'தீசிஸ் மட்டும் பாக்கி' என்ற நிலையிலேயே நின்றுபோனார்கள்.

2005இல் டீச்சர்ஸ் காலேஜின் தலைவராக இருந்த ஆர்தர் லெவின், பள்ளித் தலைவர்களுக்கான எட்.டி.யையே எடுத்துவிடச் சொன்னார். எம்.பி.ஏ. மாதிரி ஒரு முதுகலை போதும், பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருடமே கல்வி ஆராய்ச்சி அமைப்பான கார்னகி அறக்கட்டளையின் தலைவர் லீ ஷுல்மனும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும், எட்.டி. நீர்த்துப்போன பிஎச்.டி.யாக இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு மருந்தாக, தொழிலுக்கென்றே வலுவான ஒரு பட்டத்தைப் புதிதாகக் கட்டுங்கள் என்றார்கள். நான் ஷுல்மன் பக்கம். அங்கே மருத்துவருக்கு எம்.டி. என்ற டாக்டர் பட்டம் இருக்கும்போது, ஆயிரம் பிள்ளைகளின் பொறுப்பைச் சுமப்பவருக்கு முதுகலையே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிஎச்.டி.யைக் குறைத்துச் சொல்லவில்லை. நூறு பள்ளிகளில் வருகை ஏன் குறைகிறது என்று பொதுவாக அறிய அதுதான் சரியான கருவி. டீச்சருக்கு வேண்டியது அதுவல்ல.

2010இல் ஹார்வர்டு எட்.எல்.டி. என்று, கல்வித் தலைமைக்கான டாக்டர் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. மூன்றே வருடம். அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, அரசு நிர்வாகம் கற்பிக்கும் கென்னடி பள்ளிப் பேராசிரியர்களும் பாடம் எடுத்தார்கள். மூன்றாம் வருடம் முழுக்க ஒரு கல்வி மாவட்டத்திலோ அமைப்பிலோ சம்பளத்தோடு வேலை, அந்த வேலையைப் பற்றியே இறுதி அறிக்கை. முதல் அணியில் 25 பேர், கல்விக் கட்டணம் இல்லை. 2014இல் பழைய எட்.டி.யின் இடத்துக்குப் பிஎச்.டி. வந்தது. இரண்டு நோக்கம், இரண்டு பட்டம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்தது பாராட்ட வேண்டியது. ஆனால் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்குத்தான் இது. டீச்சர் சேர்ந்தால் அவருடைய திங்கட்கிழமை வேறு யார் கைக்கோ போய்விடும்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி 2000களில் வேறு வழி பிடித்தது. அப்போது வேலையில் இருப்பவர்களுக்கு வார இறுதி வகுப்பு. கடைசி வருடம் தனி ஆய்வேடு கிடையாது. ஒரு கல்வி மாவட்டமோ நிறுவனமோ தன் பிரச்சினையை முன்வைக்கும். மூன்று நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து ஆராய்ந்து அவர்களுக்கே அறிக்கை கொடுக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, அறிக்கைக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது. காத்திருப்பவர் இருந்தால் தீசிஸ் பாக்கி விழாது. குறை, பிரச்சினை அடுத்தவருடையது. யோசனை சொல்லிவிட்டு வந்துவிடலாம், அதைச் செய்துபார்த்துத் தோற்கும் அனுபவம் கிடைக்காது.

நான்காவது வழியில்தான் டீச்சரின் கேள்வி உள்ளே வருகிறது. எட்.டி.யைத் திருத்தி அமைக்க 2007இல் 25 கல்வி நிறுவனங்கள் கார்னகி திட்டத்தில் சேர்ந்தன. இப்போது நூற்றுக்கும் மேல். ஆய்வாளர் தன் பணியிடத்தின் பிரச்சினையையே எடுக்க வேண்டும் என்பது அங்கே வலுப்பட்ட வழக்கம். கூடவே கார்னகியில் ஷுல்மனுக்குப் பின் தலைவரான ஆந்தனி பிரைக் காலத்தில் வளர்ந்த ஒரு முறையும் பல இடங்களில் சேர்ந்துகொண்டது: திட்டமிடு, செய், பார், திருத்து. திங்கள் முதல் பீரியடை மாற்றிப் பார், ஆறு வாரம் எண்ணு, பலிக்கவில்லையா, அடுத்ததை முயன்று பார். ஆய்வேட்டில் தோல்விகளும் இருக்கும்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒரு சிக்கலைப் பூசி மெழுகக் கூடாது. ஆராய்கிறவரே மேலதிகாரி. தலைமையாசிரியை பேட்டிக்குக் கூப்பிட்டால் எந்த ஆசிரியர் மாட்டேன் என்பார்? எந்த மாணவன் உண்மையைச் சொல்வான்? அதனால் பேட்டி எடுப்பது இன்னொரு பள்ளியிலிருந்து வரும் சக மாணவராக இருக்க வேண்டும், பதிலாக இவர் அங்கே போய் எடுக்கலாம். பீபாடியின் குழு முறை இங்கே பயன்படும். தேர்வுக் குழுவில் பள்ளி நடத்திய அனுபவமுள்ள ஒருவர் கட்டாயம். அப்புறம், நம்மூர் அரசுப் பள்ளி என்றால் நடுவில் இடமாறுதல் வரும். கேள்வியை அந்தப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவதா, கூடவே எடுத்துப் போவதா என்று முதல் நாளே விதி எழுதி வைக்க வேண்டும்.

இங்கே ஆசிரியர்கள் போகும் வழி பிஎச்.டி.தான். 2022ஆம் ஆண்டு யுஜிசி விதிகள்படி குறைந்தது மூன்று வருடம், வேலை பார்ப்பவர் தடையில்லாச் சான்றிதழோடு பகுதிநேரமாகச் சேரலாம். ஆய்வேடு ஐந்து அத்தியாயமாக, முந்நூறு பேர் கேள்வித்தாளாக இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. அது நம் பழக்கம். புதுப் பட்டம் வரும்வரை ஒரு கல்வியியல் துறை இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

போன மாதம் போனபோது டீச்சர் பீரோவைத் திறந்து மூன்று வருடப் பதிவேடுகளை மேசையில் பரப்பினார். திங்கட்கிழமைக் கட்டங்களில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். ஆவணியில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. பக்கத்தைத் திருப்பி ஆடி மாதத்தைக் காட்டினார். வகுப்பு கிட்டத்தட்ட முழுசாக வந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருந்தா, பந்தி பரிமாறப் போயிட்டு நடு ராத்திரிதான் வீட்டுக்கு வர்றாங்க தம்பி. ஆடியில கல்யாணம் ஏது?"