எக்செல்ல வலது பக்கம் திறக்கிற குவெரி பேனல்: 4 வருஷம் மூடாம வச்சிருந்த அனுபவம்

எக்செல்ல டேட்டா டேப்ல குவெரிஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா வலது பக்கம் ஒரு பேனல் திறக்கும், வெளியிலேந்து டேட்டாவை இழுத்துட்டு வர்ற குவெரி எல்லாம் அதுல தெரியும். நிறைய பேர் ஒரு தடவை பாத்துட்டு ஷீட் இடத்தை அடைக்குதேன்னு மூடிடுவாங்க. நான் 4 வருஷமா அதை மூடறதே இல்ல, திரை சின்னதா இருந்தாலும் பரவால்லன்னு ஓரமா திறந்தே வச்சிருக்கேன். ஏன்னு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

என் வேலை மாசாந்திர ரிப்போர்ட். விற்பனை, ஸ்டாக், திரும்பி வந்த சரக்கு, இது மூணும் வேற வேற இடத்துலேந்து வரும். ஒண்ணு டேட்டாபேஸ்லேந்து, ஒண்ணு கிளைகள் அனுப்புற ஃபைல் எல்லாம் சேந்து கெடக்குற ஃபோல்டர்லேந்து, இன்னொண்ணு இன்னொருத்தர் வச்சிருக்கிற எக்செல் ஃபைல்லேந்து. முன்னாடி எல்லாமே காப்பி பேஸ்ட்தான். ஒரு டேபிளைக் காட்டி இது எங்கேந்து வந்துச்சு, எப்ப எடுத்ததுன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது, ஏன்னா ஒட்டின நம்பருக்கு ஊரும் பேரும் கிடையாது. அப்புறம் பவர் குவெரிக்கு மாறினேன், வெளிய இருக்கிற டேட்டாவை இழுத்துச் சரி பண்ணி எக்செல்லுக்குக் கொண்டு வர்ற கருவி அது. எக்செல் 2010, 2013ல அதைத் தனி ஆட்-இன்னா போட்டுக்கணும், 2016லேந்து உள்ளேயே வந்துடுச்சு. இப்ப என் ஃபைல்ல 23 குவெரி ஓடுது, அத்தனையும் இந்த ஒரு பேனல்லதான் வரிசையா நிக்குது.

பேனல்ல பாக்க வேண்டியது குவெரி பேரு இல்ல, அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கிற அந்த ஒரு வரிதான். இத்தனை வரி, அதாவது ரோ, ஏறிச்சு, இத்தனை எரர் இருக்கு, இல்லன்னா கனெக்‌ஷன் ஒன்லி, அதாவது ஷீட்ல இறங்காம இணைப்பு மட்டும், அவ்வளவுதான் அதுல இருக்கும். ரிஃப்ரெஷ் எல்லாரும் பண்றாங்க, ஆனா பண்ணதுக்கப்புறம் அந்த வரியைப் படிக்கிறவங்க கம்மி.

ஒரு மாசம் நடந்ததைச் சொல்றேன். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்5 தட்டி எல்லாத்தையும் ரிஃப்ரெஷ் பண்ணிட்டேன், எந்த எரரும் வரல, பிவட், அதாவது தொகுத்துக் காட்டுற டேபிள், எல்லாம் அழகா மாறிடுச்சு, மொத்தத் தொகையும் பாக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஃபைலை அனுப்பப் போற நேரத்துல கண்ணு பேனல் பக்கம் போச்சு, கிளை விற்பனை குவெரிக்குக் கீழ 16,907 வரின்னு இருந்துச்சு. போன மாசம் 18,412னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். விற்பனை ஏற வேண்டிய மாசம், வரி எப்படி 1,500 குறையும்? உள்ள போய்த் தேடினா ஒரு கிளைல ஷீட் பேரை மாத்தி அனுப்பியிருக்காங்க. ஃபோல்டர்லேந்து ஃபைல்களை ஒண்ணு சேக்கும்போது, எரர் இருக்கிற ஃபைலை விட்டுட்டுப் போன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை நான் முதல் நாளே டிக் பண்ணி வச்சிருந்தேன். அதனால அந்தக் கிளையோட ஃபைல் முழுசா, ஒரு வார்த்தை சொல்லாம, வெளிய போயிடுச்சு. அந்த வரி எண்ணிக்கை மட்டும் இல்லன்னா ஒரு கிளை முழுக்க காணாம போன ரிப்போர்ட் மேல போயிருக்கும்.

அந்த டிக்கை அன்னைக்கே எடுத்துட்டேன். ஃபைல் தப்பா இருந்தா குவெரி நின்னு போகட்டும், நின்னா எனக்குத் தெரியும். கூடவே எந்த ஃபைல்லேந்து வந்ததுன்னு சொல்ற சோர்ஸ் நேம் நெடுவரிசையை வச்சு குரூப் பண்ணி ஃபைலுக்கு எத்தனை வரின்னு காட்டுற ஒரு குட்டி குவெரியும் போட்டேன், மாசாமாசம் முதல்ல பாக்குறது அதைத்தான்.

எரர் எண்ணிக்கைல இன்னொரு நுணுக்கம் இருக்கு. ஒரு தடவை 640 எரர்னு காட்டுச்சு, அதைக் கிளிக் பண்ணா தப்பான வரிகளை மட்டும் தனியா எடுத்துக் காட்டும், நல்ல வசதி. பாத்தா எல்லாமே தேதி நெடுவரிசைலதான். அந்த ஃபைல்ல நாள் முதல்ல, மாசம் ரெண்டாவதா எழுதியிருந்தாங்க, என் மெஷின் செட்டிங் மாசத்தை முதல்ல எதிர்பாக்குது. 25/04ன்னா 25வது மாசம்னு ஒண்ணு கிடையாதே, அதனால எரர். இதோட நின்னுட்டா ஆபத்து, ஏன்னா 03/04 மாதிரி 12க்குள்ள இருக்கிற நாளெல்லாம் எரரே ஆகாது, ஏப்ரல் 3ஆம் தேதி சத்தமே இல்லாம மார்ச் 4ஆம் தேதியா மாறி உள்ள உக்காந்துக்கும். பேனல் காட்டுற எரர் கண்ணுக்குத் தெரிஞ்ச பாதிதான், தெரியாத பாதி அதைவிட மோசம். சரி பண்ண வழி, எது தேதி, எது நம்பர்னு தானா முடிவு பண்ணி ஒட்டிக்கிற அந்த சேஞ்ச்டு டைப் ஸ்டெப்பை எடுத்துட்டு, யூசிங் லோக்கேல்ல எந்த நாட்டு முறைத் தேதின்னு நாமளே சொல்லிடறது. எரர் வரிகளை மட்டும் நீக்கிட்டு நிம்மதியா இருக்கிறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

ரைட் கிளிக் மெனுல குவெரி எங்க இறங்கணும்னு சொல்றதுக்கு லோட் டூன்னு ஒண்ணு இருக்கு, அதைப் புரிஞ்சுக்க எனக்கு நாளாச்சு. முதல்ல எல்லா குவெரியும் ஆளுக்கு ஒரு ஷீட்ல போய் இறங்கும், ஃபைல் வீங்கிப் போச்சு. இடையில வர்ற குவெரி எதுவும் ஷீட்டுக்கு வரணும்னு அவசியமே இல்ல, கனெக்‌ஷன் ஒன்லின்னு மாத்திட்டா போதும். வரி ரொம்பப் பெருசுன்னா, ஒரு ஷீட்ல 10,48,576 வரிக்கு மேல ஏறாது, அதை ஷீட்ல காட்டாம ஃபைலுக்குள்ளேயே சேத்து வைக்கிற டேட்டா மாடலுக்கு அனுப்பிட்டு அதுமேல பிவட் போடலாம். ஆனா ஏற்கனவே ஷீட்ல இருக்கிற குவெரியைக் கனெக்‌ஷன் ஒன்லி ஆக்கினா அந்த டேபிள் ஷீட்லேந்து போயிடும், அதை நம்பியிருக்கிற ஃபார்முலா எல்லாம் ரெஃப் எரர் (#REF!) ஆயிடும். முன்னாடியே ஒரு எச்சரிக்கை வரும், அவசரத்துல ஓகே தட்டிடாதீங்க.

டெலீட் இதுக்கு நேர் எதிர். பேனல்ல குவெரியை டெலீட் பண்ணா ஷீட்ல டேபிள் அப்படியே இருக்கும், கலர் ஃபில்டர் எல்லாம் மாறாம, ஆனா உள்ள உயிர் போயிடும், அதுக்கப்புறம் எத்தனை ரிஃப்ரெஷ் பண்ணாலும் பழைய நம்பர்தான். மாறா, ஷீட்டை டெலீட் பண்ணா குவெரி போகாது, கனெக்‌ஷன் ஒன்லியா பேனல்லயே தங்கிடும். ஷீட்டைக் காப்பி எடுத்தாலோ பேருக்குப் பின்னாடி 2ன்னு போட்டு குவெரியும் ரெட்டிப்பாகும். இப்படிச் சேந்த குப்பைனால என் ஃபைல்ல ஒரு சமயம் 41 குவெரி இருந்துச்சு, ரிஃப்ரெஷ் பண்ணிட்டு எழுந்து போய் வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். குவெரி மேல மவுஸை வச்சா ஒரு பெட்டி விரியும், அதுல கடைசியா எப்ப ரிஃப்ரெஷ் ஆச்சு, சோர்ஸ் எது எல்லாம் காட்டும், அதைப் பாத்துப் பாத்துத்தான் 23க்குக் கொண்டு வந்தேன். எது எதை நம்பி இருக்குன்னு மட்டும் பேனல்ல தெரியாது, அதுக்கு பவர் குவெரி எடிட்டர் உள்ள போய் வியூ டேப்ல குவெரி டிபெண்டென்சிஸ் பாக்கணும். கடைசி ரிஃப்ரெஷ் நேரத்தை மவுஸ் வைக்காமலே லிஸ்ட்லயே காட்டினா எவ்வளவோ நல்லா இருக்கும்.

மூவ் டு குரூப் கட்டாயம் பயன்படுத்துங்க. நான் மூணு குரூப் வச்சிருக்கேன், மூலம், இடைநிலை, ரிப்போர்ட்னு தமிழ்லயே பேரு. ப்ராப்பர்ட்டீஸ்ல டிஸ்கிரிப்ஷன்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல இந்த ஃபைலை யார் தர்றாங்க, மாசத்துல எந்தத் தேதிக்குள்ள வரணும்னு எழுதி வைக்கிறேன்.

அதே ப்ராப்பர்ட்டீஸ்லதான் பேக்கிரவுண்ட் ரிஃப்ரெஷும் இருக்கு. ரிஃப்ரெஷ் ஆல் ஒரு தடவை தட்டினா பிவட் மாறாது, ரெண்டாவது தடவை தட்டினாத்தான் மாறுதுன்னு சொல்றவங்களுக்கு இதுதான் காரணம். குவெரி பின்னாடி ஓடிட்டு இருக்கும்போதே பிவட் பழைய டேட்டாவை எடுத்துட்டு முடிச்சுடும். அந்த டிக்கை எடுத்துட்டா குவெரி முடியற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் அடுத்தது. ஒவ்வொரு குவெரியாப் போய் எடுக்கணும், 23க்கும் பொறுமையா உக்காந்து பண்ணேன்.

இனி வேர்ட் பக்கம். இந்த டேபிள்கள்ல ஆறேழு வேர்ட் ரிப்போர்ட்ல பேஸ்ட் ஸ்பெஷல் போட்டு லிங்க்கா ஒட்டியிருக்கேன். எக்செல் மாதிரி பக்கத்துலயே ஒரு பேனல் வேர்ட்ல கிடையாது, ஃபைல் மெனுல இன்ஃபோ பக்கத்துக்குப் போய் ஓரத்துல எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்னு இருக்கிறதைத் தேடிப் பிடிக்கணும், திறந்தா குட்டி பெட்டி, நீள நீளமான பாதை, பாதி கண்ணுக்கே தெரியாது. வருஷம் மாறினப்ப ஃபைலைப் புது ஃபோல்டருக்குக் காப்பி பண்ணேன், வேர்ட் பாட்டுக்குப் பழைய ஃபோல்டரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, பழைய ஃபைல் அங்கேயே இருந்ததால எந்த எரரும் இல்ல, போன வருஷ நம்பரை விசுவாசமாக் கொண்டு வந்து போட்டுச்சு. இதுக்கு நான் கண்டுபிடிச்ச நல்ல வழி ஆல்ட் எஃப்9. அதைத் தட்டினா ஒவ்வொரு டேபிளும் மறைஞ்சு லிங்க்னு ஆரம்பிக்கிற கோடு தெரியும், அதுல ஃபைல் பாதை அப்படியே எழுத்தா இருக்கும். ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு பழைய ஃபோல்டர் பேரைப் புதுசா மாத்தி, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எஃப்9 தட்டினா முடிஞ்சது. அந்தக் கோட்லயே ஷீட் பேருக்குப் பின்னாடி எந்த வரிலேந்து எந்த வரி வரைக்கும்னும் இருக்கும், அதை நேம்டு ரேஞ்ச், அதாவது எக்செல்ல நாம பேரு வச்ச பகுதி, அதோட பேரா மாத்திட்டா டேபிள் வளந்தாலும் கடைசி வரி வெட்டுப்படாது. வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பில கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 தட்டி லிங்கை அறுத்துடுங்க, ஒரிஜினல்ல பண்ணிடாதீங்க.

போன மாசம் இந்த ஃபைலைப் புதுசா சேந்த ஒரு பொண்ணுகிட்ட ஒப்படைச்சேன். திறந்தவுடனே மஞ்சப் பட்டை, எனேபிள் பண்ணா லாகின் கேக்குது. பாஸ்வேர்டு ஃபைலோட போகாது, அவங்கவங்க மெஷின்லதான் சேவ் ஆகும், அதனால அவங்க ஒரு தடவை குடுத்தே ஆகணும். ஃபோல்டர் பாதையை மட்டும் ஒரு செல்லுல எழுதி குவெரி அங்கேந்து எடுக்கிற மாதிரி முன்னாடியே மாத்தியிருந்தேன், அதனால அது சிக்கல் இல்லாம போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்து, "அக்கா, கிளை குவெரில 212 வரி கம்மியா இருக்கு, போன மாசம் நோட்டுல நீங்க எழுதினதோட ஒத்துப் பாத்தேன், யாரைக் கேக்கணும்?"னு கேட்டா. டிஸ்கிரிப்ஷனைத் திறந்து காட்டினேன்.