நல்ல ரவுட்டர், ஆனால் வாங்க வேண்டாம்

நேற்று ராத்திரி மறுபடியும் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். காலையில் பார்த்தால் நான் பார்த்துப் பார்த்துப் போட்ட செட்டிங் எல்லாம் போயே போச்சு. வாங்கிய நாளிலிருந்து இதே கதைதான்.

அப்டேட் முடிந்ததும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ தானாக ஆன் ஆகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் (தூரம் போகும்), 5 கிகாஹெர்ட்ஸ் (வேகம் அதிகம்) என்ற இரண்டு வைஃபை அலைவரிசைக்கும் ஒரே பெயர். விளைவு, ரவுட்டருக்கு நேர் எதிரே இருக்கும் லேப்டாப் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடாது. இரண்டு சுவர் தாண்டியிருக்கும் டிவி 5-இல் ஏறித் திணறும். சேனலும் (அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடம்) ஆட்டோவுக்குப் போய்விடும். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். இதுவோ 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 3-இல் போய் உட்கார்ந்து அக்கம்பக்கத்து வைஃபை எல்லாவற்றோடும் மல்லுக்கு நிற்கிறது. அகலத்தை 20-க்குக் குறைத்து சேனல் 11-இல் வைத்தால் ஸ்பீடு டெஸ்டில் எண் இறங்கும், இணைப்பு அறுபடுவது நிற்கும். எனக்கு அது போதும்.

பேக்கப் ஃபைல் எடுத்து வைக்கலாமே என்பீர்கள். வைத்திருக்கிறேன். புது ஃபர்ம்வேர் பழைய ஃபைலை ஏற்காது! ஆட்டோ அப்டேட்டை நிறுத்தவும் மனசு வரவில்லை, பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தானே வருகின்றன.

இவ்வளவு திட்டியும் இதை ஏன் தூக்கிப் போடவில்லை? க்யூஓஎஸ், அதாவது எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று ரவுட்டரே பிரித்து அனுப்பும் வசதி. போன் ஃபோட்டோக்களை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தால் முன்பெல்லாம் வீடியோ கால் உறைந்துவிடும். வேகம் பற்றாமல் அல்ல. அப்லோடு நிரம்பியதும் மோடத்தில் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) வரிசைகட்டி நிற்கும், பிங் (டேட்டா போய்த் திரும்ப ஆகும் நேரம்) எகிறும். லைனில் உண்மையில் கிடைக்கும் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் ரவுட்டரில் 18 என்று வரம்பு வைத்தேன். வரிசை ரவுட்டருக்கே வந்துவிட்டது. யாரை முதலில் விடுவது என்று அது பார்த்துக்கொள்கிறது. இப்போது பின்னணியில் எத்தனை ஜிபி ஏறினாலும் பேச்சு வெட்டுவதில்லை. இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும் ரவுட்டரை நான் பார்த்ததில்லை.

விலை இறங்கியிருக்கிறது, வாங்கட்டுமா என்று நண்பன் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். இன்றைக்கு ஸ்மார்ட் பிளக்குகளை ஒவ்வொன்றாக 2.4-இல் திரும்பச் சேர்க்கும் வேலை பாக்கியிருக்கிறது.