கச்சான் காற்றைத் தாண்டுவது எது: ஒட்டுக்கன்றா, கொட்டைக்கன்றா?

திருகோணமலையில் ஒரு பழக்கன்று பிழைக்குமா என்பதில் பாதி, அதை நட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தையில் அடங்கும். மாசிக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. வைகாசி பிறந்தால் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று. இலையின் ஈரத்தையும் மண்ணின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும். இது தெரிந்தும், நான் பார்த்த பல கன்று விநியோகங்கள் ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினத்தை ஒட்டியே நடந்தன. தெற்கிலும் மேற்கிலும் அப்போது பருவமழை பெய்துகொண்டிருக்கும். இங்கே கிணற்றின் அடி தெரியும். 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதையும் ஜூனில் தொடங்கி மூன்று மாதத்துக்குக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் எங்களுக்கு உச்சக் கோடை.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை பன்னிரண்டு ஒட்டுமாங்கன்றுகள் கிடைத்தன. கொண்டுவந்து இறக்கியபோது மாசி பிறந்திருந்தது. ஆவணியில் எண்ணிப் பார்த்தேன், மூன்று நின்றன. அன்றிலிருந்து, நல்ல மரத்தின் கிளையை நாட்டுக் கன்றின் தண்டில் ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்றையும் கொட்டையில் முளைத்த கன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒட்டுக்கன்று. அதன் பலம் வேகம். ரி.ஜே.சி, கறுத்தக்கொழும்பான், விலாட் என்று எந்த மா இனமானாலும் நன்றாகப் பார்த்தால் மூன்று நான்கு வருடத்தில் காய் கொடுத்துவிடும். என்ன பழம் வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். ரி.ஜே.சி என்றால் ஒரு பழமே அரைக் கிலோவைத் தாண்டும், நார் கிடையாது, சந்தையில் கேட்டு வாங்குவார்கள். மரத்தையும் வெட்டி வெட்டிக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருக்கலாம். காற்று பிடிக்கிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. போரில் 2006 இல் இடம்பெயர்ந்து 2015 முதல் ஊர் திரும்பிய சம்பூர்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வீடும் மரமும் அழிந்த வளவில் முதலிலிருந்து தொடங்குகிறவரிடம் போய் எட்டு வருடம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அதன் பலவீனம் பைக்குள் இருக்கிறது. நாற்றுமேடையில் மாதக்கணக்காக நின்ற கன்றின் ஆணிவேர் பையின் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். மண்ணில் வைத்த பிறகும் அது நேராக இறங்கத் தயங்கும். மேல்மண்ணின் ஈரத்தை நம்பியே நிற்கும். அந்த ஈரம் சித்திரையோடு போய்விடுகிறது. பிறகு வாளிதான். நான் ஒரு கன்றுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி ஊற்றினேன். பன்னிரண்டு கன்றுக்குப் பன்னிரண்டு வாளி, ஐந்து மாதத்துக்கு. கயிற்றுக் கிணறு உள்ள வீட்டில் இதை யார் அள்ளுவது? பக்கத்து வளவு மாமி ஒருநாள் சொன்னார்: "தம்பி, மரம் தாறவங்க தந்திட்டுப் போயிருவாங்க. தண்ணி அள்ளுறது நான்தானே. எனக்கு ரெண்டு மரம் போதும்." பயனாளிப் பட்டியல் எழுதுகிறவர்கள் அந்த மாமியிடம் போய்க் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஒட்டிய கிளை காய்ந்துபோய், ஒட்டுக்குக் கீழே இருந்து தளிர் கிளம்பும். கன்று பிழைத்துவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்பட்டு வளர்ப்பார்கள். பல வருடம் கழித்துக் காய்த்தால் நாரும் புளிப்புமாக நாட்டு மா. கன்று கொடுக்கும்போது ஒட்டு விழுந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, இதற்குக் கீழே வருவதைக் கிள்ளிவிடுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கொட்டைக்கன்று இதற்கு நேர்மாறு. நிற்கப்போகிற இடத்திலேயே முளைத்தால் ஆணிவேர் தடையில்லாமல் ஆழம் போகும். முதல் கோடையில் கொஞ்சம் கவனித்தால் போதும், அடுத்தடுத்த வருடங்களில் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். எங்கள் வேலியோரத்தில் யாரோ சூப்பிப் போட்ட கொட்டையில் முளைத்த மரத்துக்கு ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. குறையும் தெளிவானதே. காய்க்க ஆறு, எட்டு வருடம் ஆகும். தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. மரமும் பெரிதாகி வளவின் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. என் மனம் அதன் பக்கம்தான். நாட்டு மாங்கொட்டையை முளைக்க வைத்து, நிலையான இடத்தில் நட்டு, தண்டு பென்சில் பருமன் ஆனதும் நல்ல மரத்தின் கிளையை அந்த இடத்திலேயே ஒட்டுவது. வேர் கொட்டைக்கன்றினுடையது, பழம் ஒட்டுக்கன்றினுடையது. ஒரு சிக்கல் உண்டு. மாங்கொட்டை நெடுநாள் உயிரோடு இருக்காது, தின்ற சில வாரங்களுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். மாம்பழம் வருவதோ கோடையில், மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போது. அதனால் உயரமான பையில் முளைக்கவைத்து, ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருளுவதற்குள், ஐப்பசி முதல் மழையோடு குழிக்கு மாற்றுகிறேன். மூன்று நான்கு மாதக் கன்றுக்கு வாளி தேவையில்லை, செம்புத் தண்ணீர் போதும்.

ஒட்டத் தெரிந்த கை வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், வீட்டுக்கு இருபது கன்று கொடுக்கும் காசில் ஊருக்கு இரண்டு இளம் பிள்ளைகளுக்கு ஒட்டுக் கத்தியும் பயிற்சியும் கொடுக்கலாம். ஒட்டு பிடிக்காவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி ஒட்டலாம், மரம் அங்கேயே நிற்கும்.

மா பற்றியே பேசிவிட்டேன். இடத்தைப் பொறுத்து மரமும் மாறும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் கிணறு ஆழமில்லை. மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் உவர் ஏறும். உவர்த் தண்ணீருக்குத் தேசியும் (எலுமிச்சை) மாவும் சீக்கிரம் இலை கருகும். மாதுளை, கொய்யா கொஞ்சம் தாங்கும், தென்னை இன்னும் தாங்கும். கஜு மணலில் நன்றாக வரும், அதையும் இடத்திலேயே விதைப்பதுதான் நல்லது. தம்பலகாமத்து வயல் பக்கம் பிரச்சினை தலைகீழ். மாரியில் தண்ணீர் நிற்கும், பப்பாசி இரண்டே நாளில் வேர் அழுகிச் சாயும். அங்கே மண்ணை மேடாக்கி நட வேண்டும்.

நல்ல தண்ணீர்க் கிணறும் செம்மண்ணும் உள்ள வளவுக்கு என் முதல் தெரிவு தேசி. விதையிலேயே பெரும்பாலும் தாயைப் போல வரும், சின்ன இடம் போதும், விலை ஏறும் மாதங்களில் ஒரு கூடை தேசிக்காய் ஒரு வாரச் செலவைத் தாங்கும். காட்டோர ஊர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. யானைக்குத் தோடை, தேசி இனம் பிடிக்காது. வஸ்கமுவ தேசியப் பூங்காப் பக்கத்து ஊர்களில் இதற்காகவே வீட்டைச் சுற்றித் தோடை நட்டிருக்கிறார்கள். பலாவும் வாழையும் வைத்தால் நாமே யானையை அழைத்தது போல. குளிக்கிற, கழுவுகிற தண்ணீரைத் தேசிக்கு விடாதீர்கள். சவர்க்கார உப்பு அதற்கு ஆகாது. அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும், யானை வராத ஊராக இருந்தால்.

கட்டாக்காலி மாடும் ஆடும் எல்லாக் கன்றுக்கும் பொது எதிரி. வேலி இல்லாத வளவில் மேலே சொன்ன ஒப்பீடு எதற்கும் அர்த்தமில்லை. முதலில் கிளுவை வேலி, பிறகு கன்று.

தண்ணீர் ஊற்றும் முறையிலும் இரண்டைப் பார்த்தேன். வாளியால் மேலே ஊற்றினால் கச்சான் காற்று பாதியைக் கொண்டுபோய்விடும். சுட்ட மண் முட்டியைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடினால் நீர் சுவர் வழியே கசிந்து நேராக வேருக்குப் போகும். மேலே தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கிவிட்டால் என் வளவில் ஒரு நிரப்பு மூன்று நான்கு நாள் தாங்குகிறது. உள்ளே மெருகு பூசிய முட்டி கசியாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

பக்கத்து வளவு மாமிக்கு இந்த ஐப்பசிக்கு இரண்டு கன்று வைத்திருக்கிறேன். ஒரு தேசி, ஒரு நாட்டு மாங்கன்று. முட்டி இரண்டும் புதைத்தாயிற்று. மாங்கன்று தடித்ததும் எங்கள் வீட்டில் தப்பி நிற்கிற மூன்றில் ஒன்றான கறுத்தக்கொழும்பானில் இருந்து கிளை வெட்டி ஒட்ட வேண்டும்.