1000 லிட்டரும் 500 லிட்டரும்: இரண்டு டேங்க்கை இணைத்து ஓட்டிய அனுபவம்

பெரிய டேங்க்கையும் சின்ன டேங்க்கையும் இணைத்தால், பெரியதில் உள்ள தண்ணீரின் எடை சின்னதை அழுத்தி வழிய வைத்துவிடாதா? எங்கள் மொட்டை மாடிக்கு வருபவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. வழியாது. அடியில் குழாய் போட்டு இணைத்த தொட்டிகளில் தண்ணீர் மட்டத்தை மட்டும்தான் பார்க்கும். அகலம், கொள்ளளவு எதையும் கண்டுகொள்ளாது. இன்னொரு டேங்க் சேர்த்தால் ஷவரில் பிரஷர் கூடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் இதுதான் பதில்: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (பிரஷரை அளக்கும் அலகு). உயரம் கூடவில்லை என்றால் பிரஷரும் கூடாது.

எங்களிடம் முதலில் இருந்தது 1000 லிட்டர் டேங்க். வீட்டில் ஆள் கூடியபோது பக்கத்தில் ஒரு 500 லிட்டரைச் சேர்த்தோம். பல வருடங்களாக இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. இத்தனை நாள் பார்த்ததில், கொள்ளளவு வித்தியாசத்தால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. யோசிக்க வைத்ததெல்லாம் உயர வித்தியாசம்தான்.

500 லிட்டர் டேங்க் பெரும்பாலும் 1000 லிட்டரைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே தரையில் உட்கார வைத்தால், சின்னதின் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேல் பெரியதிலும் தண்ணீர் ஏறாது. பெரிய டேங்க்கின் மேல் பகுதி சும்மா காற்று பிடித்து நிற்கும். அதனால் சின்னதுக்குத் தனியாக மேடை கட்டி, இரண்டின் ஓவர்ஃப்ளோ துளையும் ஒரே மட்டத்தில் வரும்படி வைத்தோம். அடி மட்டம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தலை மட்டம் சேர வேண்டும். மேடை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ. நான்கு மூலையில் செங்கல் வைத்து நிறுத்தினால் பிளாஸ்டிக் அடிப்பகுதி நடுவில் தொய்ந்துவிடும். அடி முழுவதும் படியும்படி சமதளம் வேண்டும், அதன் கீழே பீமோ சுவரோ இருக்க வேண்டும்.

அடுத்தது, மோட்டார் தண்ணீர் எந்த டேங்க்கில் விழ வேண்டும், வீட்டுக்கு எதிலிருந்து இறங்க வேண்டும் என்பது. நிறையப் பேர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பிளம்பர் முதலில் போட்டுக் கொடுத்தது எல்லா இடத்திலும் பார்க்கும் அமைப்புதான்: வரவும் செலவும் பெரிய டேங்க்கில், சின்னது ஓரமாக ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருக்கும். வேலை செய்யும், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கால்வாசி இறங்கியதுமே மோட்டார் போட்டுவிடுவோம். அப்போது சின்ன டேங்க்கில் கால்வாசி மட்டும் ஏறி இறங்கும், அடியில் உள்ளது அப்படியே கிடக்கும். வெயில் காலத்தில் அதன் மூடியைத் திறந்தால் ஒரு பழைய வாடை அடித்தது. உள்சுவரைத் தடவினால் விரல் வழுக்கியது. குளோரின் போட்டு வரும் தண்ணீராக இருந்தாலும், தேங்கிக் கிடந்தால் குளோரின் வலு குறைந்துகொண்டேதான் போகும்.

அப்புறம் குழாயை மாற்றினோம். இப்போது மோட்டார் தண்ணீர் சின்னதில் விழுகிறது, இணைப்புக் குழாய் வழியாகப் பெரியதுக்குப் போகிறது, பெரியதிலிருந்து வீட்டுக்கு இறங்குகிறது. வரும் தண்ணீர் எல்லாம் இரண்டு டேங்க்கையும் கடந்தே ஆக வேண்டும். திசையை ஏன் இப்படி வைத்தோம் என்றால், மேடையில் இருப்பதால் சின்னதின் அடி உயரமாக இருக்கிறது. வீட்டுக்கான குழாயை அதிலிருந்து எடுத்திருந்தால், பெரியதில் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வெளியே வராமலே நின்றுவிடும். எதன் அடி தாழ்ந்திருக்கிறதோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொரு லாபமும் கிடைத்தது. மண், வண்டல் எல்லாம் பெரும்பாலும் சின்னதிலேயே படிகிறது. கழுவ எளிதான டேங்க்கில் அழுக்கு சேர்வது எனக்கு வசதிதான்.

இப்படி வைத்தால் இணைப்புக் குழாய் பெரியதாக இருந்தே ஆக வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றுகிறது என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டுமானால் அதில் பாதிக்கு மேல் இணைப்பு வழியாகப் பெரியதுக்கு ஓட வேண்டும். முன்பு போட்டிருந்தது ஒரு இஞ்ச் குழாய். மோட்டார் ஓடும்போது இரண்டு மூடியையும் திறந்து பார்த்தால், சின்னதில் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு ஜாண் முன்னால் நிற்கும். அது நிரம்பி வழியத் தொடங்கும் நேரத்தில் பெரியது இன்னும் நிரம்பியிருக்காது. ஒன்றரை இஞ்ச்சாக மாற்றியதும் அந்த வித்தியாசம் இரண்டு விரலுக்கு வந்துவிட்டது. ஒன்றரை இஞ்ச் குழாயின் வாய்ப்பரப்பு ஒரு இஞ்ச்சைவிட 2.25 மடங்கு. அதே அளவு தண்ணீரைத் தள்ள அதற்குத் தேவைப்படும் மட்ட வித்தியாசமோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இணைப்புக் குழாயில் போட வால்வு வாங்கும்போது அதன் உள்துளையையும் பாருங்கள். வெளியே ஒன்றரை இஞ்ச் என்று இருக்கும், உள்ளே துளை சுருங்கியிருக்கும். அப்படியானால் பெரிய குழாய்க்குச் செலவழித்தது வீண்.

ஆட்டோமேட்டிக் சென்சார் வைத்திருப்பவர்கள், மோட்டாரை நிறுத்தும் சென்சாரைத் தண்ணீர் முதலில் விழும் டேங்க்கில் வையுங்கள். போடச் சொல்லும் சென்சாரை நன்றாகக் கீழே இறக்கி வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், மோட்டார் நின்றதும் மட்டம் சமமாகிக் கொஞ்சம் இறங்கும், உடனே மறுபடி ஓடும். அடிக்கடி இப்படி நின்று நின்று ஓடுவது மோட்டாருக்கு ஆகாது.

ஓவர்ஃப்ளோ குழாய் இரண்டு டேங்க்குக்கும் தனித்தனியாக வேண்டும். இணைப்பு வால்வு மூடியிருக்கும் நாளில் அதன் அருமை தெரியும். மூடியை இறுக்கி அடைத்து, காற்று போய்வர வேறு வழியும் இல்லை என்றால் மட்டம் சேராது. கொசு புகாதபடி வலை கட்டிய ஒரு காற்றுத் துளை போதும். இணைப்புக் குழாயை நடுவில் மேலே வளைத்துக் கொண்டுபோகாதீர்கள். வளைவின் உச்சியில் காற்று அடைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு பெரிய குழாயாக இருந்தாலும் தண்ணீர் சொட்டுப் போலத்தான் போகும்.

கசிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடத்தில் உண்மையான பராமரிப்பு என்றால் அதுதான். கசிவு எப்போதும் நிப்பிளில்தான், அதாவது டேங்க் சுவரில் குழாய் சேரும் திருகு இணைப்பில்தான் தொடங்குகிறது. சொட்டுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நிப்பிளைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். எங்கள் தண்ணீர் கடினத்தண்ணீர் என்பதால் இது நல்ல முன்னறிவிப்பு. நேராக, விறைப்பாகக் குழாய் போட்டு ஒட்டியதுதான் காரணம். டேங்க் நிரம்பும்போது சுவர் வெளியே கொஞ்சம் உப்பும், காலியானால் உள்ளே வாங்கும். வெயிலில் பிவிசி குழாயும் நீளும், 30 டிகிரி ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இந்த இழுபறி முழுவதையும் நிப்பிளின் ரப்பர் வாஷர்தான் தாங்குகிறது. நடுவே ஒரு நெளியும் ஹோஸ் துண்டைக் கிளிப் போட்டுச் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. கசிகிறதே என்று நிப்பிளை ஓங்கி முறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வரும். கசிவு கூடத்தான் செய்யும். வாஷரை மாற்றுவதே சரி. வெயில் படும் குழாய்க்கும் ஹோஸுக்கும் ஒரு கோட் பெயின்ட் அடித்தால் கூடுதல் நாள் வரும்.

இணைப்புக் குழாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பால் வால்வும் (கைப்பிடியைத் திருப்பி மூடித் திறப்பது) யூனியனும் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டது நல்ல செலவு. பெரியதைக் கழுவும்போது வீட்டுக்குத் தண்ணீர் நிற்காமல் இருக்க, சின்னதிலிருந்து வீட்டுக் குழாய்க்கு நேராக ஒரு பைபாஸும் வைத்திருக்கிறோம். அது வழக்கமாக மூடியே இருக்கும். பால் வால்வை மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்பு பிடித்து இறுகிவிடும், பலம் கொடுத்துத் திருப்பினால் கைப்பிடி உடையும். அதனால் மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது, நினைவு வந்தால் ஒவ்வொன்றையும் ஒரு முறை மூடித் திறந்துவிட்டு வருவேன்.