முதல் உப்புத்தண்ணி டேங்க்: கேனிஸ்டரா, ஆல்-இன்-ஒன்னா, சம்ப்பா? பைப் பக்கத்துல இருந்து ஒரு அலசல்

உப்புத்தண்ணி டேங்க் முதல் தடவையா வைக்கப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த ஸ்கிம்மர் (கழிவ நுரையா பிரிச்சு எடுக்கற கருவி) வாங்கலாம், எந்த லைட் போடலாம்னுதான். ஸ்கிம்மர் சரியில்லன்னா கழட்டிட்டு வேற வைக்கலாம், லைட்டும் அப்படித்தான். ஆனா கண்ணாடில எத்தனை ஓட்டை, என்ன சைஸ்ல, தண்ணி எந்த வழியா கீழ இறங்குதுங்கறத, உப்புத்தண்ணி நிரப்பி ராக் அடுக்கி மீன் விட்டதுக்கப்புறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம். அதனால பைப் எப்படிப் போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஃபில்டர் சாமான் எல்லாம் அதுக்குப் பின்னாடி வரட்டும்.

நல்லதண்ணி மீன் வளர்த்துட்டு வர்றவங்க கிட்ட ஏற்கனவே ஒரு கேனிஸ்டர் (டேங்குக்கு வெளிய வைக்கற மூடின ஃபில்டர்) இருக்கும், அதையே போட்டுடலாமேன்னு தோணும். ஓட்டை போட வேணாம், சத்தம் கம்மி, சம்ப் (டேங்குக்குக் கீழ வைக்கற ரெண்டாவது தொட்டி) பொங்கி தரை நனையற பயமும் இல்ல, அந்த வசதிய நான் மறுக்கல. சிக்கல் என்னன்னா அது தண்ணிக்குள்ள இருந்து உறிஞ்சுது, மேல மிதக்கற எண்ணெய் மாதிரி படலம் அப்படியே நிக்கும், ஆக்ஸிஜன் கலக்கறது குறையும், அதுவும் ஒரே சூட்டுல நல்லதண்ணிய விட உப்புத்தண்ணில ஆக்ஸிஜன் கரையறதே கம்மி. இன்னொண்ணு, உள்ள ஸ்பாஞ்ச்ல மாட்டின கழிவு அங்கயே அழுகி நைட்ரேட் ஏறிட்டே போகும், வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து கழுவணும். கழிவ சிதைக்கற பாக்டீரியா வேலைய லைவ் ராக்கே (பாக்டீரியா குடியிருக்கற பாறை) பாத்துக்கும், அதனால கேனிஸ்டர்ல போடற செராமிக் ரிங்குக்கு இங்க பெருசா தேவையும் இல்ல. மீன் மட்டும் வளர்க்கற டேங்குக்கு ஓட்டலாம், பவளம் வைக்கற எண்ணம் இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஆல்-இன்-ஒன் டேங்க் பின்னாடியே அறை பிரிச்சு வரும். 100 லிட்டருக்குள்ள டேங்க்னா எனக்கு இதுதான் பிடிக்கும், கரண்ட் போனாலும் தண்ணி டேங்க விட்டு வெளிய போக வழியே இல்ல. பின்னாடி அறை குறுகல்ங்கறதால நல்ல ஸ்கிம்மர் உள்ள போகாது, ஆனா இந்த அளவு டேங்குக்கு வாரம் 10-15 சதவீதம் தண்ணி மாத்தினா ஸ்கிம்மர் இல்லாமலே ஓட்டிடலாம். கவனிக்க வேண்டியது ஆவியாகறது. தண்ணி போகும், உப்பு தங்கும், சின்ன டேங்க்ல உப்பளவு சட்டுன்னு ஏறிடும், அதனால ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியான அளவுக்கு தானா தண்ணி சேக்கற கருவி) ஒண்ணு போட்டு உப்பு கலக்காத ஆர்ஓ தண்ணி ஊத்துங்க.

அதுக்கு மேல பெரிய டேங்க்னா சம்ப்தான், யோசிக்கவே வேணாம். மேல் படலம் தானா வழிஞ்சு கீழ வருது, ஹீட்டர் ஸ்கிம்மர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாம கீழ போயிடுது, மொத்தத் தண்ணியும் கூடுது. கேள்வி தண்ணிய எப்படி இறக்கறதுங்கறதுதான்.

ஓட்டை போடாத டேங்குக்கு விளிம்புல தொங்கவிடற ஓவர்ஃப்ளோ பாக்ஸ் இருக்கு. அதுல விளிம்பத் தாண்டி தண்ணிய இறக்கற யூ ட்யூப்ல காத்து சேந்து சைஃபன் (குழாய் நிறைய தண்ணி தானா இழுத்துட்டு இறங்கறது) அறுந்துட்டா தண்ணி இறங்கறது நிக்கும், கீழ இருக்கற பம்ப் மட்டும் மேல தள்ளிட்டே இருக்கும், தரை நனைஞ்சிடும். முதல் டேங்குக்கு இது வேண்டவே வேணாம், ஓட்டை போட்ட டேங்காவே வாங்குங்க. இருக்கற டேங்க்ல போடறதா இருந்தா டெம்பர்ட் கண்ணாடியான்னு முதல்ல பாருங்க, டெம்பர்ட் கண்ணாடில டிரில் வெச்சா மொத்தமும் நொறுங்கிடும்.

ஓட்டை போட்ட டேங்க்ல டர்ஸோ, ஹெர்பி, பீன் அனிமல்னு மூணு வழி. டர்ஸோல ஒரே பைப், காத்தும் தண்ணியும் சேந்து இறங்கும், எவ்வளவு சரி பண்ணாலும் கொஞ்சம் களகளன்னு சத்தம் இருக்கும், அந்த ஒரு பைப்ல ஒரு நத்தை போய் அடைச்சா வேற வழி கிடையாது. ஹெர்பில ரெண்டு பைப், ஒண்ணு முழு சைஃபன், அதுல கேட் வால்வ் (திருகித் திருகி மெதுவா மூடற வால்வ்) இருக்கும், இன்னொண்ணு உயரமா அவசரத்துக்கு. பீன் அனிமல்ல மூணாவதா ஒரு ஓப்பன் பைப், சைஃபன் வாங்காம மிஞ்சற தண்ணிய அது எடுத்துக்கும். தண்ணி மட்டம் ஏறினா அதோட காத்துக் குழாய் முனை முங்கி அதுவும் சைஃபனா மாறிடும், அதனால வால்வ அடிக்கடி தொட வேண்டியதில்ல. மூணு ஓட்டைக்கு இடம் இருந்தா பீன் அனிமல் போடுங்க, ரெண்டுதான் முடியும்னா ஹெர்பி. டர்ஸோ மட்டும் போட்ட டேங்க் கிடைச்சா, ரிட்டர்ன் ஓட்டைய (சம்ப்ல இருந்து தண்ணி மேல திரும்பி வர்ற ஓட்டை) அவசர டிரெயினா மாத்திட்டு ரிட்டர்ன் பைப்ப விளிம்பு மேலயே கொண்டு வந்துடலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.

ஹெர்பி ட்யூன் பண்றத ஒரு தடவை நின்னு பாருங்க. பம்ப ஓடவிட்டு வால்வ் முழுசா திறந்திருக்கறப்ப பைப் சர்ருனு காத்த இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமா மூடிட்டே வந்தா ஓவர்ஃப்ளோ பாக்ஸ்ல மட்டம் ஏறும், சத்தம் குறையும், ஒரு இடத்துல சட்டுன்னு அடங்கி பைப்ல காத்துக்குமிழியே இல்லாம தண்ணி மட்டும் போகும். மட்டம் அவசர பைப் வாய்க்குச் சரியா வந்து அதுல மெல்லிசா ஒரு கசிவு இறங்கறப்ப நிறுத்துங்க. இதுக்குத்தான் பால் வால்வ் வேணாங்கறேன், துளி திருகினாலே எக்கச்சக்கமா மாறிடும், கேட் வால்வ்ல நூல் அளவு நகத்தலாம். சைஃபன் பைப்போட கீழ் முனை சம்ப் தண்ணிக்குள்ள 2-3 செமீ முங்கினா போதும், ரொம்ப ஆழமா விட்டா காத்து வெளியேறாம சைஃபன் பிடிக்க நேரமாகும்.

ரிட்டர்ன் பக்கம் கரண்ட் போறப்ப என்ன ஆகும்னு கணக்கு போட்டுக்கங்க. 120 x 45 செமீ டேங்க்ல மட்டம் 2 செமீ இறங்கினா 10.8 லிட்டர் கீழ வரும், பைப்ல, ஓவர்ஃப்ளோ பாக்ஸ்ல நிக்கறதும் சேரும், அவ்வளவு இடம் சம்ப்ல எப்பவும் காலியா இருக்கணும். ரிட்டர்ன் நாசில மேற்பரப்புக்குப் பக்கத்துலயே வைங்க, அப்பதான் காத்து உடனே உள்ள போய் திரும்பி உறிஞ்சறது நிக்கும். செக் வால்வ மட்டும் நம்பாதீங்க, உள்ள சுண்ணாம்புப் பாசி படிஞ்சா முழுசா மூடாது.

பைப்பா ஹோஸான்னா ரெண்டும் வேணும். டிரெயினுக்கு பிவிசி, வளைவுல ஒரு 90 டிகிரிக்குப் பதிலா ரெண்டு 45 போட்டா ஓட்டம் நல்லா இருக்கும். பம்ப் வாயில ஒரு சாண் சிலிக்கான் ஹோஸ் போட்டா அதிர்வு ஸ்டாண்டுக்குப் போகாது. கழட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்துலயும் யூனியன் கட்டாயம். பித்தளை, செம்பு எதுவும் தண்ணில படக்கூடாது, இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம்.

பம்ப் விஷயத்துல டிசி எனக்குப் பிடிக்கும், வேகத்த குறைக்க கூட்ட முடியுது, ஆனா கன்ட்ரோலர் போச்சுன்னா பம்பும் நின்னுடும், ஏசி அந்த வகையில எளிசு. சம்ப் வழியா மணிக்கு டேங்க் அளவுல 3-5 மடங்கு ஓடினா போதும், மீதி ஓட்டத்துக்கு டேங்குக்குள்ள வேவ்மேக்கர் (தண்ணிய தள்ளி சுத்த வைக்கற சின்ன பம்ப்) இருக்கு. பெட்டில போட்டிருக்கற லிட்டர் கணக்கு உயரம் ஏற ஏற குறையும்ங்கறத மறக்காதீங்க.

சம்ப்குள்ள ஃபில்டர் சாக் (கழிவ பிடிக்கற துணிப்பை), ஸ்கிம்மர், கீட்டோ பாசி வளர்க்கற ரெஃப்யூஜியம்னு மூணும் வைக்கலாம், முதல்ல ஸ்கிம்மர் போதும். அத தண்ணி மட்டம் மாறாத அறைல வைங்க, மட்டம் ஆடினா கப்புல நுரை சரியா வராது. சாக் போட்டா மூணு நாலு நாளுக்கு ஒரு தடவை மாத்தணும், அது முடியாதுன்னா போடாதீங்க.

எல்லாம் ஒட்டி முடிச்சதும் உப்பு கலக்காத தண்ணிலயே ஒரு முழு நாள் ஓட விடுங்க, ஒவ்வொரு மூட்டுலயும் காஞ்ச டிஷ்யூ ஒத்திப் பாருங்க. பம்ப நிறுத்தி நிறுத்திப் போட்டு சம்ப்ல தண்ணி ஏறி நிக்கற இடத்த மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. சைஃபன் வால்வ முழுசா மூடிட்டு அவசர பைப் மட்டும் மொத்தத் தண்ணியையும் தாங்குதான்னு பாத்துட்டு அப்புறம் மண்ணும் ராக்கும் வைங்க.