வீட்டில் ஃபிலிம் கழுவிய ஆறு ஆண்டுகள்

வெளிச்சம் படாமல் ஃபிலிம் கழுவும் இந்த டேங்கை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நூறு ரோலுக்கு மேல் கழுவியாயிற்று. எல்லாம் 35 மி.மீ. கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் இல்ஃபோர்ட் எச்பி5. மூடி இரண்டாம் ஆண்டிலேயே லேசாக ஒழுக ஆரம்பித்தது. பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு கவிழ்த்து நிமிர்த்துகிறேன். டேங்க் மீது வேறு குறை இல்லை. பாடாய்ப் படுத்தியது, ஃபிலிமைச் சுற்றி டேங்கினுள் வைக்கும் ரீல்தான்.

பிளாஸ்டிக் ரீலுக்கு ஈரம் ஆகாது. சென்னையில் மே மாதம் ஃபிலிமை ரீலில் ஏற்ற இருட்டுப் பைக்குள் கையை விட்ட ஐந்தாவது நிமிடமே உள்ளங்கை நனைந்துவிடும். பாதி ரோல் ஏறியதும் ஃபிலிம் நின்றுவிடும். அழுத்தித் தள்ளினால் மடியும். மடிந்த இடத்தில் நெகட்டிவில் பிறை போல ஒரு தழும்பு விழும். அக்கா மகளின் காதுகுத்து ரோலில் அப்படி மூன்று பிறைகள் இருக்கின்றன. இப்போது ரீலை முதல் நாளே வெயிலில் காயவைத்து, ஃபிலிம் முனையின் இரு மூலைகளையும் வட்டமாகக் கத்தரித்து, விடியற்காலையில் ஏற்றுகிறேன். சிக்கினால் மல்லுக்கட்டுவதில்லை. எல்லாவற்றையும் வெளிச்சத்தைத் தடுக்கும் நடுக்குழாயோடு டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்து, காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் டி-76. பொட்டலம் எப்போதும் கிடைப்பதில்லை என்பதால் நானே கலக்கிறேன்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. முதல் முறை சல்ஃபைட்டை மொத்தமாக முதலில் கொட்டிவிட்டேன். மெட்டால் கரையவே மறுத்து, திரிந்த பால் போல மேலே மிதந்தது. ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அது முழுதும் கரைந்த பிறகே மற்றவை. தண்ணீர் 50 டிகிரிச் சூட்டில் இருக்கவேண்டும்.

கழுவும்போது சிக்கல் நேர்மாறானது. சமபங்கு தண்ணீர் சேர்த்த டி-76இல் எச்பி5க்கு 20 டிகிரியில் 11 நிமிடம். எங்கள் குழாயில் கோடையில் வருவதோ 33 டிகிரி! முதல் ஆண்டு முழுவதும் ஐஸ் கட்டியோடு போராடினேன். 20க்கு இறக்கி ஊற்றி முடிப்பதற்குள் 22 ஆகிவிடும். பிறகு பிடிவாதத்தை விட்டு 24இல் நிறுத்தினேன். ஏழரை நிமிடம் எனக்குச் சரியாக வருகிறது. இன்னும் சூடேறினால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய், படம் திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு. படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சரும் அலசும் நீரும் அதே 24இல் இருக்கும்படி ஒரே வாளியில் நிற்கவைக்கிறேன். கலர் ஃபிலிமுக்கு 38 டிகிரி வேண்டுமாம். நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தம், நான் இன்னும் தொடவில்லை.

ஃபிக்சரைப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். கத்தரித்த முனைத் துண்டை அதில் போட்டு, அந்தத் துண்டு தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அதைப் போல இரு மடங்கு நேரம் ரோலுக்குக் கொடுக்கிறேன். ஃபிக்சர் புதிதில் தெளிய எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கு ஆனால் அந்த ஃபிக்சருக்கு ஆயுள் முடிந்தது. அதில் வெள்ளி இருப்பதால் சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்துவைக்கிறேன்.

போர் தண்ணீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் விழும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டர் வாங்குகிறேன். ஆண்டுக்கு இரண்டு ரோல் எடுப்பவருக்கு இத்தனை பாடு தேவையில்லை, லேபில் கொடுத்துவிடலாம்.

காயவைக்கக் குளியலறைதான் சரி. மின்விசிறித் தூசு அங்கே இல்லை. கொடியில் மேலே ஒரு கிளிப், சுருளாமல் இருக்கக் கீழே இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கதவை இரண்டு மணி நேரம் பூட்டிவைப்பதுதான் எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.