தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர்: வேலை குறைந்தது, லைனர் பார்க்கும் வேலை குறையவில்லை

எங்கள் வண்டிகளில் பழையதற்குக் கையால் திருகி இறுக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோல். புதியதற்குத் தானாக இறுக்கிக்கொள்ளும் வகை. இரண்டும் எஸ் கேம் டிரம் பிரேக்தான்: எஸ் வடிவக் கேம் திரும்பி ஷூக்களை விரித்து, அவற்றின் மேலுள்ள லைனர் பட்டையைச் சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் அழுத்தும். இரண்டும் பெங்களூரு–சேலம் சாலையில் பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்குபவை. பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்ததில் சொல்கிறேன்: புதிய வகை பட்டறைச் செலவைக் குறைக்கிறது, கூடவே லைனர் தேய்வதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது.

ஏர் பிரேக்கில் பெடலை நம்பிப் பயனில்லை. அது காற்று வால்வைத் திறப்பதோடு சரி. லைனர் பாதி போயிருந்தாலும் காலுக்கு எந்த மாற்றமும் தெரியாது. "பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, அண்ணே" என்று ஓட்டுநர் சொல்வது பொய்யல்ல. சமதளத்தில் பிடிக்கத்தான் செய்யும். இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது லைனர் அதை எட்ட, சேம்பரிலிருந்து (காற்று நிரம்பும் கிண்ணம்) அட்ஜஸ்டரைத் தள்ளும் புஷ் ராடு இன்னும் வெளியே வரவேண்டும். ராடு ஓட இடம் தீர்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு கூடாது.

அந்த ஓட்டத்தை அளக்க ஒரு சாக்பீஸும் ஸ்கேலும் போதும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டேங்கில் காற்று நிறைந்ததும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். புஷ் ராடு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் ஒரு கோடு. காற்றழுத்தம் ஆறு, ஏழு கிலோ இருக்கும்போது கிளீனர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிறேன். சேம்பரின் அளவைக் குறிக்கும் எண்ணின்படி, 30 எண் சேம்பருக்கு 2 அங்குலம், அதாவது 51 மி.மீ.; 24 எண்ணுக்கு 45 மி.மீ. வழக்கமான சேம்பர்களுக்கு இதுதான் எல்லை. ஒரே அச்சில் இடமும் வலமும் வேறுபட்டால் எல்லைக்குள் இருந்தாலும் விடமாட்டேன். அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழைய வண்டியில் இந்தக் கோடே தேய்மானத்தைச் சொல்லிவிடும். ஓட்டம் நீண்டால், லைனர் டிரம்மைத் தொடும்வரை திருகி, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்கினால் முடிந்தது. புதியதில் லைனர் அதைப் பிடித்திருக்கும் ஆணியின் தலை தெரியும்வரை தேய்ந்தாலும் அளவு சரியாகவே காட்டும். அங்கே அடிதட்டின் பார்வைத் துளையில் டார்ச் அடித்து லைனரையே பார்க்கவேண்டும். பக்கவாட்டில் தேய்மானக் குறி இருக்கும். அதுவரை வந்துவிட்டால் மாற்றும் நேரம். துளையில் தெரிவது ஓரிடம் மட்டும் என்பதால், ஹப் கிரீஸ் மாற்ற டிரம்மைக் கழற்றும்போதெல்லாம் இரண்டு ஷூவையும் முழுதாகப் பார்க்கிறேன். சீல் கசிந்து கிரீஸ் ஊறிய லைனரைப் பெட்ரோலில் துடைத்து மாட்டித் தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை.

டிரம்மின் உட்புறம் ஓட்டுநரின் பழக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். கீழ் கியரிலும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) இறங்குகிறவரின் டிரம் வழவழவென்று பளபளக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவருடையதில் நீலம் பாரித்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரியும். மிச்சம் பிடித்த டீசல் காசு டிரம்முக்கே போய்விடுகிறது, உயிர் ஆபத்து தனி.

தானியங்கி வகையில் எனக்கு உள்ள பெரிய குறை, பட்டறைகள் அதைக் கையாளும் விதம். ஓட்டம் நீண்டால் ஸ்பேனர் போட்டு இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். தானாக இறுகவேண்டியது ஏன் இறுகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கேம் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம், புஷ் ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின் ஆடலாம், அட்ஜஸ்டரே போயிருக்கலாம். காரணம் அப்படியே இருக்க, கொஞ்ச நாளில் ஓட்டம் மறுபடி நீளும்.

வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை தகுதிச் சான்று (எஃப்.சி.) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். நெடுஞ்சாலை வண்டியின் லைனர் அந்தத் தேதிவரை காத்திருக்காது. மாற்றும்போது ஒரு அச்சின் இரு பக்கமும் ஒரே தயாரிப்பாக மாற்றுகிறேன். ரிட்டர்ன் ஸ்பிரிங், ரோலர் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. அவற்றின் விலையைவிட மறுபடி சக்கரம் கழற்றும் கூலி அதிகம்.